பாதி மார்கரீத்தா

பிஸ்தோயா நகரில் பேறுகாலம் பார்க்கும் லாப்பாவுக்குப் பேச்சு குறைவு. கணவன் செத்தபின் ஊர் மருத்துவமனையில் நோயாளிகளைக் கழுவித் துடைத்துத் தொழில் பழகியவள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் வெந்நீர் கேட்பாள். அப்புறம் வேடிக்கை பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்புவாள்.

ஆட்டுரோமம் சிக்கெடுக்கும் நான்னியின் மனைவி ஒனெஸ்தாவுக்கு முந்தின நாளே வலி கண்டிருந்தது. லாப்பா எண்ணெய் தடவிய கையால் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. தெரிந்த விதமெல்லாம் திருப்பிப் பார்த்தாள், அசையவில்லை. இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் தெரியும்.

மாமியார் மேயா, பழைய ஜெபப் புத்தகத்திலிருந்து வந்த தோல் ஏட்டுத் துண்டை மருமகளின் வயிற்றில் வைத்தாள். முழு ஏட்டில் இருந்தது, வலுசர்ப்பம் விழுங்கிய புனித மார்கரீத்தா அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு கூப்பிய கையோடு முழுசாக வெளிவரும் படம். அதை வயிற்றில் வைத்தால் அதேபோல் பிள்ளையும் வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆனால் ஒனெஸ்தாவின் தாய் இறந்ததும் மகள்கள் இருவரும் ஏட்டைக் கத்தரித்துப் பங்கு போட்டிருந்தார்கள். புனிதை, அக்கா தெஸ்ஸாவிடம் போய்விட்டாள். இந்த வீட்டுக்கு வந்தது சர்ப்பமும் ஓரத்துப் பொன்கொடிகளும்தான்.

“வெறும் பாம்பை வயித்துல வெச்சா அது முழுங்கத்தானே பார்க்கும்?” என்றாள் மேயா. “சண்டை போட்டு பங்கு வாங்கினியே, தலையா வாலான்னு பார்த்தா வாங்கினே?”

பங்கு பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இருந்தாலும் மறுபாதியை வாங்கி வரட்டுமா என்று நான்னி வாசலில் நின்று கேட்டான். வீண் அலைச்சல் என்று லாப்பா சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கொடுக்க அவளிடம் வேறெதுவும் இல்லை. போய் வா என்றாள்.

தெஸ்ஸா தானே வந்தாள். அவளுக்கும் நிறைமாதம். தன் பாதியைத் தங்கையின் வயிற்றில் மற்றதோடு சேர்த்து வைத்தாள். முத்தமிட்டு முத்தமிட்டுப் புனிதையின் முகம் தேய்ந்திருந்தது. உடம்புச் சூட்டில் தோல் சுருண்டுகொண்டே போக, வெட்டிய ஓரங்கள் பொருந்தவில்லை. லாப்பா ஒரு கையால் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“கோவம் போச்சாக்கா?” என்றாள் ஒனெஸ்தா.

“பேசாத. முக்கு.”

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கை வெளியே வந்தது. “வந்துடுச்சு, மார்கரீத்தா கொண்டுவந்துட்டா” என்று மேயா மண்டியிட்டாள். தலைக்கு முன்னால் கை வந்தால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் லாப்பா ஒருத்திக்குத்தான் தெரியும். கிண்ணத்துத் தண்ணீரை அந்தக் கையில் ஊற்றி, சாகப்போகும் பிள்ளைக்குச் சொல்லும் ஞானஸ்நான வார்த்தைகளைச் சட்டென்று சொல்லி முடித்தாள். மேயாவின் ஜெபம் பாதியில் நின்றது. நான்னி பாதிரியாரை அழைத்துவர ஓடினான்.

மாலை மணி அடிக்கும்போது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

லாப்பா உடலைக் கழுவினாள். தெஸ்ஸா இரண்டு துண்டுகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேயா தடுக்கவில்லை.

“நாங்க வெட்டாம இருந்திருந்தா?” என்றாள் தெஸ்ஸா.

“அதனால இல்ல தாயி. பிள்ளை குறுக்கே கிடந்துச்சு.”

தெஸ்ஸா அதை நம்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். “என் நேரத்துக்கு வருவீங்களா?”

“வருவேன்.”

“அதுக்குள்ள இதைத் தைச்சு வெச்சிரட்டுமா?”

லாப்பா துணியைப் பிழிந்து உதறினாள்.

“தையி,” என்றாள். “பொடித் தையலாப் போடு.”