எனக்குப் படைத்த இலை

இந்த மலாய் நாட்டுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் ஆ செங், வருசத்தில் ஒரு மாதம் வாசலில் நாற்காலி போட்டு, செத்துப்போன தன் அப்பாவுக்குச் சோறும் ஆரஞ்சுப் பழமும் வைப்பார். பிறகு காகிதத்தில் செய்த கார் ஒன்றை வாங்கி வந்து கொளுத்துவார். அப்பா மேலே ஓட்டிக்கொண்டு போவாராம். இந்த வருசம் கார் இல்லை, வேன். நாலு சக்கரமும் சன்னலும் வைத்து அசல் மாதிரியே செய்த காகித வேன். அது எரிந்து கருகுவதைப் பார்த்தபடி நின்றேன்.

"உங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் செய்வதில்லையா?" என்று மலாயில் கேட்டார். "செய்வார்கள். ஊரில் எனக்குக்கூடச் செய்கிறார்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, இத்தனை வருசம் ஆகியும் உனக்கு மலாய் வரவில்லை, 'அப்பாவுக்கு' என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினார். நானும் அவர் சொன்ன மாதிரியே ஒரு தரம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போல வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்குமாவது இது விளங்கட்டும் என்று சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

ஜப்பான்காரன் போய், கப்பல் திரும்ப ஓடத் தொடங்கிய சமயம். சண்டை நடந்த வருசங்களில் கடுதாசி கிடையாது, தந்தி கிடையாது. நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் பாதிப் பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் தோட்டத்து லோரி டிரைவர் என்பதால் தப்பினேன். ஊரில் என் மனைவி ராக்கம்மா இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருசத்தில் அவளைத் தம்பி கருப்பையா வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன் நான். அவள் எப்படி இருக்கிறாளோ என்கிற நினைப்பு ஒன்றுதான், ஊர் திரும்பிய கப்பலில் இருந்த அத்தனை நாளும்.

நாகப்பட்டினத்தில் இறங்கி, கப்பலில் பழகிய நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். மீமிசல் காதர், ஆவூர் அந்தோணி, கந்தர்வக்கோட்டைப் பக்கத்து நான். பெட்ரோல் கிடைக்காத காலம். வேனுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கரி அடுப்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கரியைப் போட்டு விசிறியைச் சுற்றினால் புகை கிளம்பி, அந்தப் புகையில் வண்டி ஓடும். மேடு வந்தால் ஓடாது. இறங்கித் தள்ள வேண்டும். "இது வண்டி இல்லண்ணே, எங்க மாமியா. சூடு பண்ணாமக் கெளம்பாது, கெளம்புனா நிக்காது" என்றான் தஞ்சாவூர் டிரைவர்.

மீமிசலில் காதரின் அக்கா வீட்டில் இறங்கினோம். முன்னே பின்னே பார்த்திராத எங்களுக்கும் காலில் தண்ணீர் ஊற்றி, பாய் விரித்து, கொடுவா மீன் குழம்பும் சோறும் வைத்தார்கள். ஊரில் பாதிப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். எங்க வீட்டு ஆளைப் பார்த்தீர்களா, இன்ன தோட்டம், இன்ன பேர், காதில் கடுக்கன் போட்டிருப்பார் என்று ஒவ்வொருத்தியும் அடையாளம் சொன்னாள். சோற்றுக் கையோடு எழுந்து பதில் சொன்னோம். தெரிந்த சாவுகளைத் தெரியாது என்றே சொன்னோம். சாப்பிட்ட வீட்டில் கேதம் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஆவூரிலும் அப்படித்தான். கோயில் மணி அடித்து ஊரே கூடிவிட்டது. அந்தோணியின் சின்னம்மா கோழி அடித்துப் போட்டு, புறப்படும்போது என் மடியில் முறுக்கைக் கட்டினார். "யாரோ நானே இப்புடி அழுவுறேன். ஒங்க வீட்டுல ஒங்களக் கண்டா கால வுட மாட்டாங்க பாருங்க" என்றார். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி டிரைவர் என்னைக் கிண்டல் செய்தான். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் எல்லையில், முந்திரிக் காட்டைத் தாண்டிக் குளத்தங்கரைக்கு வேன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். என் கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தார்கள். ஒருத்தி துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

ஊர்ப் பெரியவர்கள் வந்து எட்டத்திலேயே நிறுத்திவிட்டார்கள். தகவல் இல்லாமல் வருசங்கள் போகவே, குறி கேட்டிருக்கிறார்கள். குறிகாரி நான் தண்ணீரில் போனதாகச் சொல்லியிருக்கிறாள். தம்பி தலையை மொட்டையடித்து எனக்குக் கருமாதி செய்துவிட்டான். ராக்கம்மா தாலியை அறுத்தாயிற்று. காரியம் முடிந்தவன் வாசல் வழியாக வீட்டுக்குள் போனால் ஊருக்கு ஆகாதாம். குளத்தில் முங்க வைத்து, பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வேறு பேர் வைத்து, ராக்கம்மாவுக்குத் திரும்பத் தாலி கட்ட வேண்டும். கட்டினால் இனி ஊரோடு இருக்க வேண்டும். பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டிலிருந்து சோறு வந்தது. தம்பி பெண்டாட்டி இலையைத் தரையில் போட்டு, சோற்றை வைத்து, திரும்பிப் பார்க்காமல் போனாள். படையல் வைத்துவிட்டு அப்படித்தான் போவார்கள். மீமிசலிலும் ஆவூரிலும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டார்கள். அந்த இலையில் எனக்குக் கை வைக்க வரவில்லை. மரத்திலிருந்து ஒரு காக்காய் இறங்கி வந்து கொத்தியது. நான் விரட்டவும் இல்லை.

பிறகு ராக்கம்மா வந்தாள். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. அவளும் முதலில் காலைத்தான் பார்த்தாள்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். பெரியவங்க சொன்னதக் கேட்டியா?"

"கேட்டேன். திரும்பக் கட்டுவீங்க. ஒரு வருசம் இருப்பீங்க. மழ பேயாது. திரும்பக் கப்பலேறுவீங்க. ஒங்களுக்கு நான் ஒருதடவ அழுது முடிச்சிட்டேன். இன்னொரு தடவ அழ எனக்கு ஏலாது."

அவள் சொன்னது நிசம். வேறு பேரோடு, என்னைச் செத்துத் திரும்பி வந்தவன் என்று பார்க்கிறவர்களுக்கு நடுவில், அந்த வானம் பார்த்த பூமியில் என்னால் இருக்க முடியாது என்பது இலையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. கூட வருகிறாயா என்று கேட்டேன்.

"தாலிய இங்க கட்ட வேணாம். கப்பல்ல கட்டுங்க" என்றாள்.

வீட்டுக்குப் போய் ஒரு துணி மூட்டையோடு வந்து வேனில் ஏறினாள். கருப்பையா பின்னாலேயே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்த டிரைவரிடம் பேசினான்.

"டிரைவரு தம்பி, ஒங்க ஆளுகிட்டச் சொல்லுங்க. இங்கன இருந்தா எங்க அண்ணன். கப்பலேறிட்டா, அவருக்கு நான் எள்ளுந்தண்ணியும் எறைக்கிறத நிறுத்த மாட்டேன்."

டிரைவர் என்னைப் பார்த்தான். பிறகு விசிறியைச் சுற்றினான். வேன் கிளம்ப மறுத்தது. கருப்பையாதான் பின்னால் வந்து தள்ளினான்.

அவன் சொன்ன சொல்லை மீறவில்லை. அவன் காலமான பிறகு அவன் பிள்ளைகள் செய்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு அந்தக் குளத்தங்கரையில் தாத்தாவுக்கு ஒரு இலை, அப்பாவுக்கு ஒரு இலை, பெரியப்பாவுக்கு ஒரு இலை. நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். நானும் நிறுத்தச் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே எல்லாருக்கும் நான் டிரைவர்தான். ஊரில் வைத்த என் பேரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுகிற இடம் இப்போது அது ஒன்றுதான்.

இந்த வருசமும் ஆடி அமாவாசை வந்தது. எதிர்வீட்டு வேன் எரிந்து சாம்பல் பறந்தது. மத்தியானம் ஆகிவிட்டது, பசி. சமையல் முடிந்து வாசனை வருகிறது. தட்டு வைக்கச் சொன்னேன். ராக்கம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே உச்சி வேளை என்றால் ஊரில் இன்னும் காலைப்பொழுது. வருசா வருசம் இந்த ஒரு நாள் மட்டும் அவள் எனக்கு ஊர் நேரத்துக்குத்தான் சோறு போடுவாள்.

"செத்த பொறுங்க" என்றாள். "அங்க இன்னும் காக்கா எறங்கியிருக்காது."