அப்பா வெட்டிய குழாய்த் துண்டு

அப்பா குழாய் ரிப்பேர்காரர். பழைய மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். அதன் முன்சக்கர பேரிங் அடிக்கடி போய்விடும். ஒவ்வொரு முறையும் ரோட்டைத் திட்டிக்கொண்டே தானே மாற்றுவார்.

அவர் இறந்த பிறகு வண்டி தம்பிக்கு வந்தது. நாளை முதல் அவன் அதில் வேலைக்குப் போகவேண்டும். சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பேரிங்குகளைத் தட்டி எடுத்தேன். இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய இரும்புக் குழலுக்குப் பதிலாக, அப்பா வெட்டிப் போட்ட தண்ணீர்க் குழாய்த் துண்டு இருந்தது. அளந்து பார்த்தேன். ஒரு நூல் அளவு குட்டை. நட்டை இறுக்கும்போதெல்லாம் இரண்டு பேரிங்கும் நெரிபட்டு, சீக்கிரமே தேய்ந்திருக்கின்றன.

படியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அவர் கையால வெட்டினதுடா. அதையே போட்டுடேன்."

"வேணாம்மா. ஓடும்போது சக்கரம் இறுகிட்டா தம்பி விழுந்துடுவான்."

"அப்போ ரோடு மேல தப்பில்லையா?"

"இல்லம்மா."

"பாவம் அந்த ரோடு. என்னை மாதிரியே வாயைத் திறக்காம வாங்கிக் கட்டிக்கிச்சு."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. குழாய்த் துண்டை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

"சரி, புதுசையே போடு. அவன் முழுசா வீடு வந்து சேரணும்."

கடையில் வாங்கிவந்த குழலை உள்ளே இறக்கினேன். அதன்மேல் புது பேரிங்கை வைத்தேன். சுத்தியலை எடுத்தேன்.