நாலு வீட்டு ஆர்மோனியம்

அஞ்சலையின் இரண்டு கைகளிலும் கரி. முழங்கால்களுக்கு நடுவே பலகையை இடுக்கிக்கொண்டு கட்டைகளை வரைந்தாள்: ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. பலகை முடிந்த இடத்தில் ஆர்மோனியமும் முடிந்தது.

கரும்புத் தீவின் சபேட்டோ கிராமத்தில் சங்கத்துக்கு இருந்தது ஒரே ஆர்மோனியம். கற்கும் பிள்ளைகள் இருந்த வீடுகள் நாலு. வீட்டுக்கு ஒரு வாரமாக அந்தப் பெட்டி மாட்டுவண்டியில் பவனி வந்தது. முதல் வாரம் அஞ்சலையின் வீட்டில் இருந்தபோது, ஒன்பது வயது கம்லா தட்டுத்தடுமாறி ஒரு முருகன் பாட்டைப் பிடித்துவிட்டாள். அடுத்த மூன்று வாரம் பெட்டி இல்லை. அது திரும்பி வரும் வாரத்து ஞாயிறு, நாடி டவுனில் சங்கக் கூட்டம். அங்கே பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்காத பிள்ளையின் முறை வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று காரியதரிசி வீரசாமி சொல்லிவிட்டார். முறைக்காக இன்னும் ஆறு வீடு காத்திருந்தது.

அதனால்தான் பலகை.

"அம்மா, பாஜாப் பெட்டியில இப்படி இல்லியே. சில எடத்துல கறுப்பே இல்ல" என்றாள் கம்லா.

"உங்கப்பன் வாய் அப்படியே வந்திருக்கு உனக்கு. உக்காரு."

பலகை சத்தம் போடாது. வாயால் பாடி, விரலால் எண்ண வேண்டும். காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை, முழுப் பாட்டு. மூன்றாம் வாரத்தில் கம்லாவின் விரல்கள் கண்ணை மூடிக்கொண்டே ஓடின. வீடும் தொற்றிக்கொண்டது. அஞ்சலை ரொட்டி மாவில் தட்டினாள். அவள் புருஷன் சிவன் ஏர் பிடிக்கும்போது மேழியில் தட்டினான். அடுத்த வயல்காரர் அப்பல்சாமி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன சிவா, வீட்ல எல்லாருக்கும் சிரங்கா?" என்று கேட்டார்.

ஆற்றில் வெள்ளம். திங்கட்கிழமை வரவேண்டிய பெட்டி வெள்ளிக்கிழமைதான் வந்தது. சிவன் துருத்தியைப் பிடித்தான். கம்லா பெருமையாகக் கண்ணை மூடினாள். மூன்றாவது வெள்ளையைத் தாண்டி, அதற்கடுத்த கறுப்பை நோக்கி விரல் பாய்ந்தது. அங்கே கறுப்பு இல்லை. இரண்டு வெள்ளைகளின்மேல் ஒரே சமயத்தில் விழுந்தது விரல். ஆட்டுக்குட்டியின் வாலை மிதித்ததுபோல் ஒரு சத்தம். கோழிகள் கூரைக்குப் பறந்தன, கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சிவன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். துருத்தியிலும் ஒரு கை இருந்ததால் பெட்டியும் சேர்ந்து கெக்கெக்கே என்றது. கம்லாவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையானது.

அஞ்சலை குனிந்து எண்ணினாள். இரண்டு கறுப்பு, ஒரு சந்து, மூன்று கறுப்பு, ஒரு சந்து.

"நீ சொன்னே" என்றாள்.

"சொன்னேன்."

"நான் கேக்கல."

"கேக்கல."

"அடடா! இந்த நாளு எழுதி வைக்க வேண்டிய நாளு" என்றான் சிவன்.

"நீங்க துருத்தியப் பாருங்க. மொதல்ல கன்னுக்குட்டியப் பாருங்க."

கல்யாணத்துக்கு முன்னே இரண்டு வருஷம் லௌடோக்கா பட்டணத்தில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தவள் அஞ்சலை. கரும்புக்கத்தி பட்டு விரல் மடங்காமல் போனவர்களுக்கு விரல் பழக்கியவள். அங்கே யாரையும் ஒரே மூச்சில் பத்துத் தடவை மடக்கச் சொன்னதில்லை. கொஞ்சம், அடிக்கடி, வலிக்கும் முன்னே நிறுத்து. சொந்தப் பிள்ளை என்றதும் அத்தனையும் மறந்து போயிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் பாட்டை எட்டுத் துண்டாக்கினாள். பல் துலக்கியதும் ஒரு துண்டு, கோழிக்குத் தீனி போட்டதும் ஒரு துண்டு, குளித்ததும் ஒன்று. முதலில் வாயால் பாடு, பிறகு மெதுவாகத் தொடு. மூன்று தடவை சரியாக வந்ததும், இன்னும் வேண்டும் என்று கம்லா கெஞ்சினாலும் பெட்டியை மூடு. அதோடு எந்தத் துண்டிலிருந்து கேட்டாலும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். "அஞ்சு!" என்று கிணற்றடியிலிருந்து அஞ்சலை கத்துவாள். கம்லா சோற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடுவாள். "ரெண்டு!" என்பான் மாட்டுக் கொட்டகையிலிருந்து சிவன். தப்பு என்று சொல்ல அவனுக்கு அனுமதியில்லை. வாய் துறுதுறுக்கும்போதெல்லாம் ஒரு துண்டு வெல்லத்தை அதில் போட்டுக்கொண்டான். சாயங்காலத்துக்குள் கால் டப்பா வெல்லம் தீர்ந்தது, எட்டுத் துண்டும் ஒட்டிக்கொண்டன. பழைய பலகை கன்றுக்குட்டிக் கொட்டிலுக்குக் கதவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாடிக் கூட்டத்தில் ஆண்கள் யாகோனா வேர்ப் பானம் கரைத்த சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் அஞ்சலை நின்றுகொண்டே இருந்தாள். கம்லா நன்றாக ஆரம்பித்தாள். ஆறாம் துண்டில் விரல் பழைய பலகைக்குப் போய்விட்டது. அதே ஆட்டுக்குட்டி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துருத்தி பிடித்த சிவன் வெறும் வாயை மென்றான். கம்லா கையை எடுத்தாள், மூச்சு விட்டாள், "ஆறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறிலிருந்தே எடுத்து எட்டை முடித்தாள்.

"நடுவுல நின்னுட்டுதே தங்கச்சி" என்றார் வீரசாமி.

"நின்னுச்சு அண்ணே. ரயில் வண்டி கூடத்தான் நடுவுல நிக்குது, கரும்பு மில்லுக்குப் போய்ச் சேரலியா? கடைசி வரைக்கும் வாசிச்சாளா இல்லியா?"

யாகோனாச் சட்டிப் பக்கம் கொல்லென்று சிரிப்பு. வீரசாமியும் சிரித்துவிட்டார். "வாசிச்சா. முறை உங்க வீட்டுக்கே."

திரும்பும் வழியெல்லாம் மூன்று பேரும் வண்டியில் எட்டுத் துண்டையும் தலைகீழாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். மாடுகள்தாம் நிதானமாக இருந்தன.

மறுநாள் காலை பெட்டியை எடுத்துப் போக அடுத்த முறைக்காரர் அப்பல்சாமி வந்தார். அஞ்சலை அவரை வாசலிலேயே காக்க வைத்தாள். புதுப் பலகை ஒன்றைக் கட்டைகளுக்கு நேராக ஒட்டி வைத்து, "நீ சொல்லு" என்றாள். கம்லா ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லச் சொல்ல, அவள் சொன்னதை மட்டும் வரைந்தாள்.

"எம் பொண்ணுக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா" என்றார் அப்பல்சாமி.

"பலக கொண்டாங்க."

அவர் தன் வண்டியின் பின்பலகையையே கழற்றிக் கொடுத்தார்.