தரையோடு படிந்த செடி

என் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு கார்த்திகையிலும் கண் வீங்கும். முழங்கை மடிப்பில் தோல் தடித்து நீர் கசியும். அஸ்தம்பட்டியில் ஒரு தோல் டாக்டர் பார்த்துவிட்டு, காங்கிரஸ் செடி என்கிற களையின் பூத்தூள்தான் காரணம், அது பூக்கும் காலத்தில் தோட்டம் காட்டுப் பக்கம் போகக் கூடாது என்றார். எங்கள் வீடே காட்டுக்குள்தான் இருக்கிறது. ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள், அப்பா இங்கேயே வந்து இருக்கட்டும் என்றாள். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போய்விட்டார்.

வெள்ளையாகப் பூத்து நின்றால் அந்தச் செடி யாருக்கும் தெரியும். வரப்பில் பூத்ததையெல்லாம் பிடுங்கினேன். பிடுங்கும்போதே தூள் பறந்தது. அவருக்கு இன்னும் அதிகமானது. பூக்கும் முன்பே எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் பட்டது.

அடுத்த புரட்டாசி மழைக்கு, பழைய செவ்வந்திப் பாத்தியில் செடி முளைத்தது. தரையோடு படிந்த, வெட்டு வெட்டான இலை. நான் களைக்கொத்தோடு போனேன். அவர் தடுத்தார்.

“ஏம்புள்ள, கண்ணு தெரியலையா? பழைய தூருல செவ்வந்தி வெடிச்சிருக்குது. உட்டுடு.”

குடத்தில் தண்ணீரும் கொண்டுவந்து ஊற்றினார். பார்க்கச் செவ்வந்தி மாதிரியேதான் இருந்தது. ஓரிலையைக் கசக்கி முகர்ந்தேன். வெறும் பச்சை வாடை. பக்கத்துப் பாத்தியில் அந்த வருசம் நட்ட செவ்வந்தி இலையைக் கசக்கினேன். வாசம் சுள்ளென்று ஏறியது. இரண்டையும் அவர் மூக்கருகில் பிடித்தேன்.

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்றார்.

“ஏனுங்க, நேத்துப் பால் தீஞ்சதே உங்களுக்குத் தெரியலீங்க. இது எங்க தெரியப் போகுது?”

மூக்கடைத்துக் கிடந்து கிடந்து வாசமே போயிருந்தது. அவரும் அதை மறந்திருந்தார். இலையை வாங்கித் திரும்ப முகர்ந்து பார்த்தார். பிறகு குடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப நீ மோந்து சொல்லு புள்ள. நான் தள்ளி நிக்கறேன்.”

மோந்து மோந்து பிடுங்கியதில் கைக்குத் தப்பிய ஒன்றிரண்டை ஐப்பசியில் அடையாளம் பார்த்துக்கொண்டேன். நடுவிலிருந்து தண்டு எழும்பியது. அதில் கோடு கோடாக வரி, வரியின் மேல் பூனைமுடி போல மெல்லிய சுணை. அதற்கு மேல் விட்டால் மொட்டுதான்.

இப்போது மழை விட்டதும், ஈரம் காயும் முன், உரச்சாக்குத் தாளைக் கையில் சுற்றிக்கொண்டு செடி பிடுங்க இறங்கிவிடுகிறேன். அவர் கிணற்று மேட்டில் துண்டால் முகத்தைக் கட்டி உட்கார்ந்து, நான் பார்க்காமல் விட்ட இடத்தைக் கைகாட்டுகிறார். பக்கத்துக் காட்டில் அது பூக்கத்தான் செய்கிறது. அங்கிருந்து காற்றடித்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கண் கொஞ்சம் வீங்குகிறது. ராசிபுரம் போகவில்லை.