வெள்ளிக் கால்

நம் மாதா கோவில் மலருக்குப் பழைய திருவிழாக்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், பாதியில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள் என்பது உங்களுக்கே தெரியும். கொடியேற்றம், தேர், ராட்டினம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் திருவிழா என்றாலே எனக்கு முதலில் கண்ணில் வந்து நிற்பது ஒரு வெள்ளிக் கால். அதை எழுதாமல் மற்றதை எழுதக் கை வரவில்லை.

சாந்தோம் பக்கத்துச் சந்தில் அம்மா, அக்கா, நான், கைக்குழந்தையாகத் தம்பி என்று நாலு பேர் இருந்தோம். அப்பா தவறிவிட்டார். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கோவில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். வீடு நடந்தது அவளால்தான். யுத்தம் தொடங்கின சமயத்தில் அவளுக்கு வியாதி வந்தது. வயிறு முறுக்கும், ஓடுவாள். சளியும் ரத்தமுமாகப் போகும். சில நாளில் பத்துத் தரம் கூடப் போவாள். சில மாதம் ஒன்றுமே இருக்காது, மறுபடி வரும். அம்மா சூடு என்றாள். வெந்தயம் கொடுத்தாள், மோர் கொடுத்தாள், மாதுளம்பழத் தோலை அரைத்துக் கொடுத்தாள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் சீதபேதி என்று ஊசி எழுதிக் கொடுத்தார், கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து போட்டார். ஊசி போட்டால் கொஞ்ச நாள் அடங்கும், அவ்வளவுதான்.

வெளியே என்ன சொல்வது? கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு வயிற்றில் கோளாறு என்றால் சனங்கள் வேறு எதையாவது நினைப்பார்கள் என்று அம்மாவுக்குப் பயம். ரத்தம் என்றும் சொல்ல முடியாது, போகிற இடத்தையும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் கேட்டபோது, "காலுதான். முட்டி வலி" என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றையிலிருந்து எங்கள் கோவில் பங்குச் சனங்கள் முழுக்க அக்காவுக்குக் கால் வலி.

சொன்னதோடு முடிந்ததா? கால் வலிக்கிற பெண் நேராக நடக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அக்கா நொண்ட வேண்டியிருந்தது. வயிற்றைப் பிசைகிற வலி ஒரு பக்கம், ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் நற்கருணைக்குப் போகிற களைப்பு ஒரு பக்கம், அதற்கு மேல் எந்தக் காலை நொண்டுவது என்று ஞாபகம் வைத்துக்கொள்கிற பாடு. பட்டினப்பாக்கத்திலிருந்து கூடை தூக்கி வருகிற மீன்காரம்மா ஒரு நாள் எங்களை நிறுத்தினாள்.

"இன்னா பெரிய பாப்பா, போன ஞாயித்துக்கெயமை இந்தக் காலு, இன்னிக்கு அந்தக் காலா? நோவு எடம் மாறிக்கினே கீதா?"

"ரெண்டும்தான்" என்றாள் அக்கா.

"ரெண்டும் நோவுற பொண்ணு கக்கூசுக்கு மட்டும் இன்னா ஓட்டம் ஓடுது! குதுரை தோத்துப்பூடும்."

அக்கா சிரித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவோ வீட்டுக்கு வந்து, "இனிமே அவகிட்ட மீன் வாங்கக் கூடாது" என்று சொன்னாள். உண்மையைப் பக்கத்தில் வந்து தொட்ட ஒரே ஆளுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை அது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிப் பட்டணம் காலியானபோதும் நாங்கள் போகவில்லை. அந்த நெரிசலில் ரயிலேறி அக்காவால் எப்படி வர முடியும்? அதற்கும் கால்தான் காரணம் என்று சொன்னோம்.

அந்தச் சமயத்துத் திருவிழா ஒன்றில்தான் அம்மா நேர்ச்சை செய்தாள். கோவில் வாசலில் வெள்ளித் தகட்டில் அடித்த உருக்களைக் கடை பரப்பி வைத்திருப்பார்கள். எந்த உறுப்பில் நோயோ அந்த உருவை வாங்கி மாதாவுக்குப் போடுவது நம் வழக்கம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடை முன்னால் நின்றாள்.

"இன்னாம்மா வோணும்? கண்ணு, கை, காலு, வவுறு, கொயந்தை, எல்லாம் கீது" என்றான் கடைக்காரன்.

அம்மாவின் கை வயிற்று உருவுக்குப் போனது. நான் பார்த்தேன். தொட்டும் விட்டாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "பொண்ணுக்குக் காலு எப்படி இருக்கு?" பங்கில் யாரோ ஒரு அம்மாள். அம்மாவின் கை அப்படியே நகர்ந்து பக்கத்தில் இருந்த காலை எடுத்தது. "அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

மாதாவிடம் கூடவா பொய் சொல்வது? அந்த வயதில் எனக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்படியே எட்டு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. வியாதி வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சுதந்திரம் வந்து அடுத்த மழைக்காலமோ, அதற்கு அடுத்ததோ, அக்கா புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, இது பழைய மாதிரி இல்லம்மா. முன்னெல்லாம் ஓடுவேன். இப்ப போகவே மாட்டேங்குது. அடைக்குது. ரத்தமும் வேற மாதிரி இருக்கு."

"எல்லாம் அதேதான். நீயா எதையாவது நெனச்சுக்காத."

அக்கா இளைத்துக்கொண்டே வந்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிற்று. அம்மா டாக்டரிடம் போவாள். கூட அழைத்துப் போனாலும் அக்காவை வெளியே ரிக்ஷாவிலேயே உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போய்ச் சொல்வாள். அவர் ஒரு தடவையாவது "அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிடுங்கள்" என்று சொன்னாரா? இல்லை. "பழசுதானே? அதே மிக்சரைக் குடுங்கோ. காரம் சேர்க்கப்படாது" என்று தலை நிமிராமல் சொல்வார். படித்த மனிதர், நல்ல மனிதர் என்று பெயர். இத்தனை வருஷம் ரத்தம் போகிற ஒரு உடம்பைக் கண்ணால் பார்க்காமலே மருந்து எழுத எப்படித்தான் மனசு வந்ததோ! அக்கா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று. இது வேறே. எங்கள் காதில் விழுந்தது, பழையது.

ஒரு நாள் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தாள். தலைமைக் கன்னியாஸ்திரி வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என்ன வியாதி என்று கேட்டார்களாம். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். வருஷக்கணக்காகக் கால் வலி. நானும் அம்மாவும் ஓடிப் போய்ப் பார்த்தால், எலும்பு முறிந்தவர்கள் படுத்திருக்கிற வார்டில் அக்காவைப் போட்டு, முட்டிக்கு மேலும் கீழும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இளவயது டாக்டரம்மா ஒருத்தி. "இங்கே வலிக்குதா? இங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அம்மா கட்டில் தலைமாட்டில் நின்று அக்காவின் தோளை அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவள் அம்மாவை எதிர்த்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

"டாக்டரம்மா, என் கால்ல ஒண்ணும் இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. எனக்கு வெளிக்கிப் போற எடத்துல ரத்தம் போகுது. ஒம்பது வருஷமா போகுது. இப்ப உள்ளே என்னமோ அடைச்சுக்கிட்டு இருக்கு. தயவுசெஞ்சு அங்கே பாருங்க."

வார்டு முழுக்கக் கேட்டது. அடுத்த கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா மட்டும் கூசவில்லை. உடனே திரையை இழுக்கச் சொன்னாள்.

விரலால் பார்த்தாள். பிறகு பெரிய டாக்டர் வந்து குழாய் விட்டு விளக்கு வைத்துப் பார்த்தார். கட்டி இருந்தது. புற்று. டாக்டரம்மா எங்களை வராந்தாவில் நிறுத்திச் சொன்னாள்:

"இத்தனை வருஷமா இருந்தது வெறும் சீதபேதி இல்லம்மா. குடலே வெந்து புண்ணாகிக் கிடந்திருக்கு. அப்படி வருஷக்கணக்கா புண்ணா இருக்கிற குடல்ல சில பேருக்கு இது வரும். எல்லாருக்கும் வராது. ஆனா வரும்னு தெரிஞ்சு அப்பப்ப உள்ளே பார்த்துக்கிட்டே இருக்கணும். ரத்தம் பழசுதானேன்னு இருந்துட்டா, புதுசு அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும்."

"மூலமா இருக்காதா?" என்றாள் அம்மா.

"யாராவது பார்த்திருந்தா மூலமா இல்லையான்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள் டாக்டரம்மா.

கட்டி பரவிவிட்டிருந்தது. அறுத்தாலும் பலனில்லை என்றார்கள். அடுத்த தவக்காலத்துக்குள் அக்கா போய்விட்டாள். அந்தக் காலத்தில் மருந்து குறைவு, பார்த்திருந்தாலும் பிழைத்திருப்பாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. பிழைத்திருப்பாள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பார்க்கவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். சொன்னாளே, கேட்கவில்லையே.

அடக்கப் பூசையில் சாமியார், "நெடுங்காலமாகக் கால் நோயைப் பொறுமையோடு தாங்கிய இந்தச் சகோதரி" என்று பிரசங்கம் வைத்தார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அது. பெஞ்சியில் உட்கார்ந்து தலை ஆட்டினார்களே, அத்தனை பேர் மேலும் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வயிறு என்ற ஒரு வார்த்தையைக் கேட்டால் ஒரு பெண்ணைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அம்மாவை நடுங்க வைத்தவர்கள் அவர்கள்தானே? அம்மா மேலும் கோபம்தான். அவள் செத்துப் பல வருஷமாகியும்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் தம்பி மகளுக்கும் அதே குடல் புண் இருக்கிறது. தரமணியில் பெரிய ஆபீசில் வேலை. நிறையப் படித்தவள். வியாதி வந்து இவ்வளவு வருஷமாகிவிட்டதால் இனிமேல் தவறாமல் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். போன வாரம் போன் பண்ணினாள்.

"அத்தை, இந்தத் தடவை தள்ளிப் போட்டுடலாம்னு பார்க்கிறேன். ஆபீஸ்ல லீவுக்கு என்னன்னு சொல்றது? கால் சுளுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

என் ஜென்மத்தில் யாரையும் நான் அதட்டினதில்லை. அன்றைக்குப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கும் சொன்னேன், அக்காவுக்கு என்ன வியாதி என்று, எந்த இடத்தில் என்று. போனை நான் வைக்கவில்லை, அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்களும் கூட வாங்க அத்தை" என்றாள். வருகிற செவ்வாய்க்கிழமை போகிறோம்.

வருஷம், மாதம் முன்பின்னாக இருக்கலாம். யுத்த காலம் தெரிந்த பெரியவர்கள் யாராவது சரிபார்க்க வேண்டும். டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதியிருக்கிறேன், அதையும் ஒரு டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை திருத்துங்கள். ரத்தம், குடல், கக்கூஸ் என்று எழுதியிருக்கிற இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். கோவில் மலரில் இதெல்லாம் நன்றாக இருக்காது என்று பட்டால் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கால் என்று மாற்றிப் போடாதீர்கள்.