மிச்ச விதை

மாப்பிள்ளையைச் சுடுகாட்டுக்கு எடுத்த மறுவாரம் என் தங்கை சொன்னாள்: “இனி கம்பெனிப் பக்கமே போக மாட்டேண்ணே. நம்ம கரிசக்காடு சோறு போட்டாப் போடட்டும்.”

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளும் மாப்பிள்ளையும் வேலை பார்த்தவர்கள். முந்தின நாள் கலந்து மிச்சம் வைத்த வெடிமருந்து, காலையில் மாப்பிள்ளை மூடியைத் திறந்ததும் வெடித்தது. அவள் அடுத்த வரிசை அறையில் இருந்தாள். சத்தம் கேட்டதாக அவள் சொன்னதே இல்லை. சுவர் மூச்சு விட்டது என்பாள்.

புரட்டாசியில் மக்காச்சோளம் போட முடிவானது. உரச் செலவைக் குறைக்கலாமே என்று அசோஸ்பைரில்லம் பாக்கெட்டுகளை நான்தான் வாங்கி வந்தேன். காற்றில் கிடக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா. கரித்தூளில் ஏற்றி விற்கிறார்கள். ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, உடனே ஊன்ற வேண்டும்.

பாக்கெட்டைப் பிரித்ததும் தங்கை விலகிப் போனாள். கறுப்புத் தூள்.

விதை ஊன்ற வந்த பக்கத்துக் காட்டு மதினி சிரித்தாள். “ஏத்தா, இது வெடிக்காது. உள்ள உயிரு இருக்காம்ல. கிருமியக் காசு குடுத்து வாங்கியாந்து காட்டுல விடுதோம், கூத்தப் பாரு!”

“உயிருன்னா சத்தம் போடாமக் கெடக்கட்டும் மதினி.” கையை விட்டுப் பிசைந்தாள். முழங்கை வரை கறுத்தது.

பாதிக் காடு ஊன்றியிருந்தோம். வானம் உடைந்தது. கரிசல் காலைப் பிடித்துக்கொண்டது. மீதி விதையைக் கொட்டகைக்குள் பரப்பி, “காலைல போட்ருவோம், ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டுத் நான் வேலை பார்க்கும் திருத்தங்கல் அச்சகத்துக்கு ஓடினேன். காலண்டர் சீசன்.

சாயங்காலம் திரும்பினால், விதையெல்லாம் தண்ணீர் டிரம்முக்குள் கிடந்தது. மேலே கரி மிதந்தது. அவள் கொட்டகைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் பொழுது சாயுமுன் அப்படித்தான், துளி மருந்தும் மிஞ்சாமல் தண்ணீரில் கொட்டி, அறையைக் கழுவிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

“என்னத்தா பண்ணுன?”

“கலந்தத ராத்திரிக்கு வைக்கக் கூடாதுல்லண்ணே.” துடைப்பம் நிற்கவில்லை. “வெததான்னு தெரியுது. தெரியாம இல்ல. பொழுது எறங்க எறங்க அதப் பாத்துக்கிட்டு உக்கார முடியல. கை தானாப் போயிருச்சு.”

அள்ளி விரித்தேன். மழை விடவே இல்லை, காட்டுக்குள் கால் வைக்க வழியில்லை. விதை ஊறிப் புளித்து நாறியது. வேறு விதை கிடைத்தபோது விதைக்கிற பருவம் போயிருந்தது.

ஊன்றிய பாதி எழுந்தது. கரும்பச்சை, தடித்த தண்டு. பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி, “என்ன உரம் போட்டீக?” என்று கேட்டார்கள். மறுபாதியில் கோரை. எனக்கு அந்த வெறுங்காட்டைப் பார்ப்பதில்கூட வருத்தமில்லை, பச்சையைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. முழுக்காடும் இப்படி நின்றிருக்கும், நின்றிருக்கும் என்று காற்றடிக்கும்போதெல்லாம் அது அசைந்தது.

கதிர் ஒடித்து விற்ற மறுநாள் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். பாதிக் காட்டு வரும்படி சித்திரை வரைகூடத் தாங்காது என்பது எனக்கும் தெரியும்.

“கம்பெனில கேட்டுட்டேண்ணே. பேக்கிங்ல ஆளு நெறஞ்சிருச்சாம். மருந்து செலுத்துற ரூம்லதான் எடமாம்.”

“என்ன சொன்ன?”

“திங்கக்கெழம வாரேன்னுட்டேன்.”