புள்ளிப் பட்டியலில் நாங்கள் முதலிடம்

தாம்பரத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமெண்ட். நோட்டில் புள்ளி எழுதி அடித்துத் திருத்துவதைப் பார்க்கப் பொறுக்காமல், பட்டியலை நானே போனில் புரோகிராமாக எழுதிவிட்டேன்.

விஷயம் சின்னதுதான். வரிசைப்படுத்து என்றால், போன் அணிகளை இரண்டிரண்டாக எடுத்து, இவர்களில் யார் மேலே என்று நான் எழுதிய ஃபங்ஷனிடம், அதாவது புரோகிராமுக்குள் இருக்கும் ஒரு குட்டி விதியிடம், கேட்கும். புள்ளி அதிகமுள்ளவர் மேலே. சமமென்றால், நேரில் மோதியதில் ஜெயித்தவர் மேலே. ஐந்தே வரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் பிரிவில் நான்கு அணிகள், முதலிடத்துக்கு மட்டும் ஃபைனல். பெருங்களத்தூர் மூன்றிலும் தோற்றது. மற்ற மூவருக்கும் இரண்டிரண்டு வெற்றி: நாங்கள் பொழிச்சலூரை அடித்தோம், பொழிச்சலூர் கூடுவாஞ்சேரியை அடித்தது, கூடுவாஞ்சேரி எங்களை அடித்தது. பட்டியலில் நாங்கள் முதலிடம்.

கூடுவாஞ்சேரி கேப்டன் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா பாஸ், உங்கள அடிச்சதே நாங்க. நீங்க எப்டி மேல கீறீங்க?"

"மிஷின் சொல்லுதுண்ணா."

"மிஷினுக்கு சொன்னது யாரு?"

சுருக்கென்றது. பைக் மேல் உட்கார்ந்து, கூடுவாஞ்சேரி, நாங்கள், பொழிச்சலூர் என்று பெயர்களை மாற்றிப் போட்டேன். கூடுவாஞ்சேரி முதலிடம்! போன் என்னென்ன கேட்கிறது என்று ஒவ்வொன்றாகத் திரையில் வரவைத்துப் பார்த்தேன். முதல் தடவை, நாங்களா பொழிச்சலூரா என்று கேட்டிருக்கிறது. பிறகு பொழிச்சலூரா கூடுவாஞ்சேரியா என்று. அப்படியானால் கூடுவாஞ்சேரி எங்களுக்கும் கீழேதான் என்று அதுவாகவே முடிவு கட்டிவிட்டது. நாங்கள் தோற்ற அந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி அது கேட்கவே இல்லை. என் விதி வட்டமாகச் சுற்றியது. பெயர்களைத் தட்டியவன் நான், எங்கள் பெயரை முதலில் தட்டியிருந்தேன், அதனால் நாங்கள் மேலே.

எங்கள் கேப்டனிடம் சொன்னேன்.

"ஃபைனல் மச்சான். கம்முனு இரு."

இருக்க முடியவில்லை. தப்பென்று தெரிந்த ஃபங்ஷனை எப்படி விட்டு வைப்பது? மூன்று கேப்டன்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். சமமென்றால் ரன் ரேட் என்று ஒத்துக்கொண்டார்கள். எங்கள் ஆள் மட்டும் கடைசியில், வேண்டா வெறுப்பாக.

ஒரு வரியை மாற்றினேன். கூடுவாஞ்சேரி, பொழிச்சலூர், நாங்கள். கூடுவாஞ்சேரியிடம் நாற்பத்தொன்றுக்குச் சுருண்டோமே, அதில் நான் முதல் பந்திலேயே அவுட்.

"உன் ஃபங்ஷன் நம்மளயே தூக்கிடுச்சேடா!" என்றான் எங்கள் கேப்டன்.

"எப்டி மாத்திப் போட்டாலும் இப்போ அதே வரிசைதான் வருது மச்சான், பாரேன்" என்று போனை நீட்டினேன்.

அவன் பேட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.